அவரை மன்னித்தால் அண்ணனைக் கைவிட்டதாகிவிடுமா?

மட்டக்களப்பு எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது ஐம்பதைத் தாண்டியவர். அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறார். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கிய சில மாதங்களில் அவருடைய ஊரைச் சுற்றிவளைத்து, சனங்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். சாக்கால் தலையை மூடிய ஒரு தலையாட்டிக்கு (தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்) முன்னால் ஆண்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். பத்தொன்பது வயது அண்ணன் நடந்தபோது அந்தத் தலை ஆடியது. ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போன அண்ணன் இன்றுவரை வரவில்லை.

தலையாட்டி பக்கத்து ஒழுங்கை ஆள்தான் என்று அம்மா அன்றைக்கே சொன்னார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடையை வைத்துச் சொன்னது அது. அந்த மனிதர் சில நாட்களில் ஊரைவிட்டுப் போனார். நெடுங்காலம் கொழும்பில் இருந்துவிட்டு, இப்போது சீனி வருத்தத்தோடும் பிறஷரோடும் திரும்பி வந்திருக்கிறார். இவர் போகிற சபைக்குத்தான் அவரும் வருகிறார். மாதம் ஒருமுறை இவர் நிற்கிற கிளினிக்குக்கும் வருகிறார். பிறஷர் பார்ப்பது இவர்தான்.

அண்மையில் போதகர் வீட்டுக்கு வந்து, “அவர் உங்களோடு கதைக்க வேண்டுமாம். பெரிய வெள்ளிக்கு முதல் ஒப்புரவாகி, சபைக்கு முன்னால் கை கொடுத்தால் நல்ல சாட்சியாக இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிற வசனத்தையும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு இந்தச் சகோதரி திருவிருந்து எடுக்கவில்லை. எண்பதை நெருங்கும் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. மகள், “விடுங்கம்மா, அது பழைய கதை” என்கிறாள்.

அவர் கேட்பவை இவை. மன்னித்தால் அண்ணனைக் கைவிட்டதாகிவிடுமா? காணாமல் போனோர் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டை மீளப் பெற வேண்டுமா? மனம் முழுக்க வெறுப்பை வைத்துக்கொண்டு அவருக்கு மருந்து கொடுக்கிற நான் வேஷக்காரியா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதியது இது: “அவர் கையை நீட்டும்போது என் கை நடுங்கும். ஒருநாளும் அளவைப் பிழையாக எழுதியதில்லை. ஒருநாளும் அவரைக் கடைசி ஆளாக இருத்தியதில்லை. ஆனால் உள்ளுக்குள் வெறுப்புத்தான்.” இதை நீங்கள் பாவ அறிக்கை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்றதோடு நிறுத்தவில்லை. பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று செய்யக்கூடிய காரியங்களையும் சொன்னார். ரோமருக்கு எழுதிய பவுலும் சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு, தாகமாயிருந்தால் பானம் கொடு என்றுதான் எழுதுகிறார். சத்துருவைப் பார்க்கையில் நெஞ்சு இனிக்க வேண்டும் என்று இருவருமே கேட்கவில்லை. அந்த மனிதரின் கிளினிக் கொப்பியில் மாதாமாதம் சரியான அளவை எழுதுகிற நீங்கள், பிரசங்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற எங்களில் பலர் செய்யாததைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். உள்ளே கோபம் இருப்பதால் அது வேஷமாகிவிடாது. கோபம் இருந்தும் செய்கிறீர்கள் என்பதால் அதன் கனம் கூடத்தான் செய்கிறது.

ஆக, அன்பு என்ற பக்கத்தில் உங்களுக்குப் பெரிய கடன் ஏதும் பாக்கி இருப்பதாக எனக்குப் படவில்லை. போதகர் உங்களிடம் கேட்பது வேறொன்று.

மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எங்கள் சபைகளில் அடிக்கடி நடக்கிறது. மன்னிப்பு என்பது பழிக்குப் பழி வாங்கும் எண்ணத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுவது. அதை நீங்கள் தனியாகச் செய்யலாம். எதிரே யாரும் இருக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் முடிய வேண்டியதும் இல்லை. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். நடந்தது என்ன என்பதில் இரண்டு பேருக்கும் ஓரளவாவது ஒரே பேச்சு இருக்க வேண்டும். “உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக” என்று லூக்கா 17 சொல்லும்போது, கடிந்துகொள்வது முதலில் வருகிறது.

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். தன்னை விற்ற சகோதரர்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நின்றபோது அவன் உடனே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. தனியே போய் அழுதான். தானியத்தைக் கொடுத்தான், கொடுத்த பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தான். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி யூதா மன்றாடிய பிறகுதான் அவன் வாய் திறந்தான். பசித்தவர்களுக்கு உணவு முதல் பயணத்திலேயே கிடைத்தது. உறவு கிடைக்க அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று தெரியவேண்டியிருந்தது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடைவெளியில்தான். அதை யாரும் பாவம் என்று சொல்ல முடியாது.

இனி, போதகர் வாசித்த மத்தேயு 5:23, 24. வேதத்தை எடுத்து நிதானமாக இன்னொருமுறை வாசியுங்கள். “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைஉண்டென்று” நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று இருக்கிறது. யார் பேரில் குறை இருக்கிறதோ, அவர்தான் எழுந்து போக வேண்டியவர். இந்த விஷயத்தில் அது நீங்கள் அல்ல. உங்கள் போதகர் கெட்ட எண்ணத்தோடு வாசித்திருக்க மாட்டார், இரண்டு பேரையும் எப்படியாவது சேர்த்துவைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. ஆனால் அந்த வசனத்தைக் காட்டி உங்களைத் திருவிருந்திலிருந்து தள்ளிவைக்க முடியாது. நீங்களாகவே தள்ளி நிற்கவும் தேவையில்லை. வருகிற திருவிருந்தில் போய் முழங்காலிடுங்கள்.

அவர்தானா?

இதைச் சொன்னால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கடிதம் முழுவதும் “அண்ணனைக் காட்டிக்கொடுத்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது சாக்குக்குள் இருந்த ஒருவரின் நடையும், அம்மாவின் நிச்சயமும், ஊர்ப்பேச்சும். அம்மா சொன்னது சரியாக இருக்கலாம். தான் பெற்ற பிள்ளை அடுத்ததாக நடக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் எதையும் சும்மா பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அந்த மனிதர் இதுவரை தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. போதகர் கொண்டுவந்த செய்தி “கதைக்க வேண்டுமாம்” என்பது மட்டும். அவர் மன்னிப்புக் கேட்கலாம். “நான் இல்லை, இன்னார்” என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் “எனக்காக ஜெபியுங்கள்” என்று முடித்துவிடவும் கூடும்.

அந்தக் காலத்தில் தலையாட்டியாக நிறுத்தப்பட்டவர்களில், தாங்களே பிடிபட்டு அடி வாங்கி உயிருக்குப் பயந்து நின்றவர்களும் உண்டு என்பது எங்கள் பகுதியில் எல்லாரும் அறிந்தது. இவர் எந்த வகை என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடி வாங்கித்தான் தலையை ஆட்டினார் என்றாலும் உங்கள் இழப்பில் ஒரு துளி குறையப் போவதில்லை. ஆனால் நீங்கள் எதிரே வைத்துப் பேசப் போகிற ஆள் வேறொருவராக இருக்கலாம். ஆகையால் இப்போதைக்கு உங்கள் மனதில் “அவரிடம் ஏதோ இருக்கிறது, அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்” என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் அந்தச் சந்திப்பில் நீங்கள் மன்னிப்பு வழங்கப் போகிறவர் என்பதைவிட, விசாரித்து அறியப் போகிறவராக இருப்பீர்கள். உங்களுக்கு அது இலகு.

முறைப்பாட்டைத் தொட வேண்டாம்

மன்னிப்பதற்கும் முறைப்பாட்டை மீளப் பெறுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகள் உட்படப் பலர் இறந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கொடுத்தவர்களே “மன்னிக்கிறோம்” என்று சொன்னதை நாங்கள் கேட்டோம். அதே குண்டுவெடிப்புகள் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களும் குருமாரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12ஆம் தேதி, தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் இன்றைக்கும் முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மன்னிக்கிறவர்கள் வழக்குக்குப் போகக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

எங்கள் மாவட்டத்துத் திருச்சபை காணாமல் போனவர்களை வெளியிலிருந்து பார்த்த சபையும் அல்ல. நீங்கள் அண்ணனை இழந்த அதே 1990இல், ஆகஸ்ட் மாதம், யேசு சபைக் குருவான யூஜின் ஹெபேர் அடிகளார் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த சாரதியோடு காணாமல் போனார். புனித மைக்கல் கல்லூரியில் அவரிடம் கூடைப்பந்து பழகியவர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைப்பார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பதைப் பகை என்று ஒருவரும் சொன்னதில்லை.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அது நீதிமன்றம் அல்ல. அதன் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ ஏற்படாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தகவல் கொடுப்பவர் கேட்டால் அதை இரகசியமாக வைத்திருக்கவும் இடம் உண்டு. அதாவது, அந்த மனிதருக்கு உண்மையில் மனம் இருந்தால், தனக்குத் தெரிந்ததைப் பயமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. இந்த அலுவலகத்தில் பல தாய்மாருக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதும் உண்மை. 1994இல் நியமித்த ஆணைக்குழு, 2013இல் வந்த பரணகம ஆணைக்குழு என்று அலைந்த உங்கள் அம்மாவுக்கு அந்தச் சலிப்பு இருப்பது நியாயம். இருந்தாலும் கோப்பு திறந்தே இருக்கட்டும். அவர் ஏதாவது சொன்னால் சட்டப்படி அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைச் சந்திப்புக்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். நான் உளவளத்துணையாளர், அந்தப் பகுதியில் என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம்.

சந்திப்பதாக இருந்தால்

சந்திக்கத்தான் வேண்டும் என்று இல்லை. மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது, அவரைக் காண விரும்பாதவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ட்ரக் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் தெரிந்திருக்கக்கூடிய, இன்னும் உயிரோடு இருக்கிற சிலரில் இவர் ஒருவர். அவருக்கும் வயதும் வருத்தமும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் என் அபிப்பிராயம் சந்திக்கலாம் என்பதுதான், ஆனால் உங்கள் நிபந்தனையில்.

சபைக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். குற்றஞ்செய்த சகோதரனோடு பேசுவதைப் பற்றி மத்தேயு 18:15 “அவனும் நீயும் தனித்திருக்கையில்” என்றுதான் சொல்கிறது. கைதட்டும் கூட்டத்துக்கு முன்னால் அவரால் உண்மையைச் சொல்லவும் முடியாது, உங்களால் கேட்கவும் முடியாது. ஊருக்குத் தெரிந்தால் அவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் ஆபத்து வரலாம் என்பதையும் யோசிக்க வேண்டும். கிளினிக்கிலும் வேண்டாம். அங்கே அவர் நோயாளி, நீங்கள் தாதி, அங்கே ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். கை அதிகம் நடுங்குகிற நாளில் பக்கத்தில் நிற்கிற மற்றத் தாதியிடம் அவரைப் பார்க்கச் சொல்லலாம், அது பிழையில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்தில், நீங்கள் நம்புகிற ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்க, போதகரும் விரும்பினால் இருக்கலாம். நடுவில் எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோகும். அன்று என்ன நடந்தது? யார் உங்களை நிறுத்தினார்கள்? ட்ரக் எந்த முகாமுக்குப் போனது? அதற்குப் பிறகு அண்ணனை எங்கேயாவது கண்டீர்களா? வேறு யாருக்குத் தெரியும்? இதெல்லாம் பகையால் கேட்பது என்று உங்களுக்குத் தோன்றினால், இப்படி யோசியுங்கள்: ஒரு மனிதர் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக உள்ளே வைத்திருப்பதை வெளியே எடுக்க ஒருவர் இடம் கொடுப்பது அவருக்கும் நன்மைதான். அன்றைக்கே “மன்னித்தேன்” என்று சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். “நீங்கள் சொன்னதைக் கேட்டேன். எனக்கு நேரம் வேண்டும்” என்று சொல்லிவிட்டு எழும்பலாம்.

போதகரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஐயா, கதைக்க நான் மறுக்கவில்லை. சபைக்கு முன்னால் கை கொடுக்க மாட்டேன். அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் முதலில் அவரிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.” அவர் ஒரு நல்ல மேய்ப்பராக இருந்தால் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

அம்மாவும் மகளும்

அம்மாவின் விஷயம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. மரணச் சான்றிதழ் எடுக்க அவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்து வைக்க எந்தத் தாயாலும் இலேசில் முடியாது. (2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதற்குப் பதிலாகக் காணாமல் போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி இருக்கிறது. அம்மாவுக்கு அது ஒருவேளை ஏற்புடையதாக இருக்கலாம்.) அவரைப் பொறுத்தவரை அந்த மனிதரை மன்னிப்பது என்றால் மகன் இறந்ததை ஒத்துக்கொள்வது. நீங்கள் உங்களுக்காக மன்னிக்கலாம். அம்மாவுக்காக மன்னிக்க முடியாது, அண்ணனுக்காகவும் முடியாது. அதைப் போதகருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாள் என்ற தாய் வருகிறாள். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாதபடி, அறுப்பு தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும் வரைக்கும் கன்மலையில் இரட்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். போதும், எழும்பி வா, மன்னித்துவிடு என்று வேதம் அவளிடம் சொல்லவில்லை. அவள் செய்தது ராஜாவின் காதுக்கு எட்டி, எலும்புகள் சேர்த்தெடுக்கப்பட்ட பிறகுதான் தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டார் என்று முடிகிறது. உங்கள் அம்மா பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அந்த வகையைச் சேர்ந்தது. யாராவது அதை அவிசுவாசம் என்று சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு மறைத்துப் போக வேண்டாம். ஊரில் இது மறைந்திருக்காது. வேறு வாயால் கேட்டால் மகளும் தன்னைக் கைவிட்டாள் என்று நினைத்துவிடுவார். சந்திப்புக்கு முன்னரே சொல்லுங்கள், அவருக்கும் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அழுதால், சில வாரம் பொறுங்கள்.

மகள் “பழைய கதை” என்பது மனதைச் சுட்டிருக்கும். அவள் பிறக்கும் முன்பே தொடங்கி, அவள் வளர்ந்த வீடு முழுக்க நிறைந்திருந்த துக்கம் இது. அவளுக்கும் களைத்துப்போக உரிமை உண்டு. உங்கள் வேகத்தை அவள் தீர்மானிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தின் கடைசியில், மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்குப் பிறகு தூக்கமில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு விட்டிருக்கிறீர்கள். மருந்து அளக்கிற வேலையில் இருக்கும் உங்களுக்கு அதன் ஆபத்து என்னைவிட நன்றாகத் தெரியும். வேலை செய்கிற இடத்திலேயே காட்டக் கூச்சமாக இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். தூக்கம் ஓரளவு சீரான பிறகு சந்திப்புக்கு நாள் குறியுங்கள். அதற்குள் பெரிய வெள்ளி வந்துவிட்டால் வந்துவிட்டுப் போகட்டும், போதகர் காத்திருப்பார்.